கருவாட்டுப் பொட்டலம் போன வழி

மகள் தனியாகக் கப்பலேறிப் போனதிலிருந்து லூர்துநாதன் எஞ்சின் வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை. அந்தமானில் மின்னி பே கரையில் அவருடைய கொட்டகைக்கு வந்த படகு எஞ்சின்கள் வந்தபடியே கிடந்தன. ஒன்றில் ப்ளக்கைக் கழற்றுவார். பாதியில் அதை விட்டுவிட்டு இன்னொன்றின் மூடியைத் திறப்பார். அதையும் அப்படியே போட்டுவிட்டுக் கடலைப் பார்ப்பார். கடல் அவருக்கு என்ன பதில் சொல்லும்? அது பாட்டுக்குக் கிடந்தது.

எல்லாம் அந்த ஆமை வேலையால் வந்தது.

பிரிஸ்கில்லாவுக்கு ஆமை முட்டைக் காவல் வேலை கிடைத்திருக்கிறது. திக்லிபூருக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத கரையில் கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். நாய் தோண்டாமல், பன்றி தின்னாமல் முட்டைக் குழிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சில நாள் துணைக்கு ஆள் இருக்கும், சில நாள் இருக்காது. லூர்துநாதன் ஒரே வார்த்தையில் முடியாது என்றார்.

மகள் அழவும் இல்லை, சாப்பிடாமல் படுக்கவும் இல்லை. பேரம் பேசினாள்.

“ஒரு தடவ தனியா லாங் ஐலண்ட் போயிட்டு வாரேன்ப்பா. வெளக்கு வைக்கிறதுக்குள்ள தினம் என்கிட்டயிருந்து சேதி வரும். ஒரு நாள் வரலன்னாலும் வேலை வேண்டாம். வந்துச்சுன்னா மேடத்துக்கிட்ட நீங்களே சரின்னு சொல்லணும்.”

மனைவி லூசி மகளுக்குப் பின்னால் சுவர் மாதிரி நின்றாள். வேறு வழியில்லாமல் தலையை ஆட்டி வைத்தார் மனிதர்.

முதல் இரண்டு நாளும் சேதி சொன்னபடி வந்துவிட்டது. இன்று கடைசி நாள். சாயங்காலம், ஆமை வேலைக்கு ஆள் எடுக்கிற சந்திரமதி மேடம் போன் போடுவார். வீட்டிலிருந்து ஒரு ஆள் தன் வாயால் சரி என்று சொல்லாமல் எந்தப் பெண்ணையும் அந்தக் கரைக்கு அனுப்புவதில்லை என்பது அவர் வைத்திருக்கும் சட்டம்.

கொட்டகைக்கு லூசி டீயோடு வந்தாள். கையில் அவளுடைய போன்.

“சேதி வந்திருக்கு. லாலாஜி பே கரைக்குக் காட்டு வழியா நடந்து போறாளாம். அங்க டவர் கிடையாதாம். வெயில் சாயுறதுக்குள்ள திரும்பிருவேன், டீக்கடை சிவஞானம் மாமாகிட்ட சொல்லிட்டுப் போறேன்னு போட்டிருக்கா.”

“நடந்து போறாளாக்கும்.”

“ஆமா, பறந்தா போவா? இந்தா பாருங்க, புள்ளி எங்க நிக்குன்னு.”

லூசியின் போனில் ஒரு நீலப் புள்ளி லாங் ஐலண்ட் ஜெட்டிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. மகள் எங்கே போனாலும் அம்மாவின் போனில் தெரிகிற மாதிரி செய்துவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

“நடந்து போறவ புள்ளி ஏன் நின்ன எடத்துலயே நிக்கு?”

“டவர் இல்லன்னா கடைசியா இருந்த எடத்தத்தான் காட்டுமாம். அவ சொல்லிக் குடுத்தது மறந்து போச்சா?”

லூர்துநாதன் டீயைக் குடித்தார். அவருக்கு ஒன்றும் மறக்கவில்லை. அவர் நம்பவில்லை, அவ்வளவுதான். போன் என்பது வைத்திருப்பவன் சொல்லச் சொன்னதைச் சொல்கிற சாமான் என்பது அவர் கட்சி. அவரிடமும் ஒரு பட்டன் போன் உண்டு. அது வீட்டுக்குள் ஆணியில் ஒரு பாலிதீன் பையில் தொங்கும். அவர் கடலுக்குப் போனாலும் அது ஆணியை விட்டு இறங்காது.

லூசி திரும்பிப் போனதும் ஸ்கூட்டரை எடுத்தார். டெய்ரி ஃபார்ம் பஜாருக்கு விட்டார்.

டெய்ரி ஃபார்மில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஜெரால்ட் அவருடைய தங்கை மகன். மாமா வருவதைப் பார்த்ததும் கடையில் நின்ற பெங்காலிக்காரரிடம், “தாதா, தோ மினிட்,” என்று சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப் போனான். இருவருக்கும் நடுவே ஒரு ரகசியம் இருந்தது.

பிரிஸ்கில்லா புறப்படுவதற்கு முந்திய நாள் லூர்துநாதன் இங்கே வந்து, மகளுக்குத் தெரியாமல் அவள் போகிற இடத்தைக் காட்டுவதற்கு ஒரு போன் வேண்டும் என்றார். ஜெரால்ட் முதலில் மாட்டேன் என்றான். தாய்மாமன் விடுவாரா? மாமாவின் மூத்த மகன் ராபின் போன கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்து வந்தபோது ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போன போன் ஒன்று கடையில் கிடந்தது. அதில் ஒரு புது சிம்மைப் போட்டு, சத்தத்தை அடைத்து, இவன் போனில் தெரிகிற மாதிரி செய்தான். அவனே பாலிதீனில் சுற்றி, டேப் ஒட்டித்தான் மாமா கையில் கொடுத்தான்.

அதை லூர்துநாதன் கருவாட்டுப் பொட்டலத்துக்குள் வைத்துக் கட்டினார்.

சுற்றிக் கடல்தான். ஆனாலும் ரங்கத்தில் இருக்கிற அவருடைய அக்கா அன்னம்மாளுக்குத் தூத்துக்குடி நெத்தலிக் கருவாடு வேண்டும். இந்தத் தீவு வெயிலில் காய்ந்தது கருவாடே இல்லை என்பாள். “திரும்பி வரும்போது ரங்கத் வழியா வந்து அத்தைட்ட குடுத்துரு,” என்று மகள் கையில் கொடுத்துவிட்டார். கடைசி வரை மகளோடு பொட்டலம் இருக்கும், பொட்டலத்தோடு போன் இருக்கும் என்பது கணக்கு.

“ஏல, எங்க நிக்கான்னு பாரு.”

ஜெரால்ட் போனைத் தடவினான். தடவியவன் முகம் ஒரு மாதிரி போனது.

“மாமா, இது கடல்ல நிக்கு.”

“எந்தக் கடல்ல?”

“லாங் ஐலண்டுக்கு வெளிய. நடுக்கடல்னு சொல்ல முடியாது. ஆனா தண்ணிதான்.”

லூர்துநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாலாபுறமும் நீலம். நடுவில் புள்ளி. அது மெல்ல நகர்ந்தது.

“அம்மாக்காரிட்ட காட்டு வழியா நடக்கேன்னு சொல்லுதா. இங்க படகுல போறா.”

“மாமா, அவசரப்படாதீங்க. போன் சில நேரம் தப்பாக் காட்டும்.”

“எந்தப் போன் தப்பாக் காட்டுது? அவ கையில இருக்கிறதா, நம்ம வச்சதா?”

லூர்துநாதன் ஜெரால்டின் போனிலிருந்தே லாங் ஐலண்ட் டீக்கடை சிவஞானத்துக்குப் போட்டார்.

“ஹலோ, கோன்?”

“நான் மின்னி பே லூர்து பேசுதேன்.”

“அண்ணாச்சி, சொல்லுங்க. உங்க பிள்ள இப்பதான் டீ குடிச்சிட்டு லாலாஜி பே போகுது.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

“நடந்தா, படகுலயா?”

“நடந்துதான். நானே வழி காட்டிவிட்டேன். வெயில் சாயுறதுக்குள்ள வரலன்னா பின்னாலேயே ஆள் அனுப்பச் சொல்லிட்டுப் போயிருக்கு. நல்ல விவரமான பிள்ள.”

போனை வைத்தார் லூர்துநாதன்.

“டீக்கடைக்காரனையும் வளைச்சுப் போட்டுட்டா.”

“மாமா, அவரு எதுக்குப் பொய் சொல்லப் போறாரு?”

“எதுக்குச் சொல்லாம இருக்கப் போறான்? அவனுக்கு என்ன, என் மகளா?”

ஜெரால்ட் தலையைச் சொறிந்தான். பிறகு கொஞ்சம் தயங்கி, சம்பந்தம் இல்லாமல் ஒன்று கேட்டான். “மாமா, அந்தப் பொட்டலத்த நடுவுல யாரும் பிரிக்க மாட்டாங்கல்லா?”

“கருவாட்ட எவன் பிரிப்பான்?”

“அதான். பிரிக்காம இருந்தா சரி.”

மத்தியானம் வரைக்கும் லூர்துநாதன் அந்தக் கடை ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. வந்த ஆட்கள் எல்லாம் அவரைக் கடை முதலாளி என்று நினைத்து டெம்பர்ட் கிளாஸ் என்ன விலை என்று கேட்டார்கள். புள்ளி கொஞ்ச நேரம் காணாமல் போனது. மறுபடி தெரிந்தபோது ரங்கத் ஜெட்டியில் நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பெரிய ரோட்டைப் பிடித்து வடக்கே ஓட ஆரம்பித்தது.

“இது பஸ் வேகம் மாமா. மாயாபந்தர் பக்கம் போகுது.”

“மாயாபந்தரா? அங்க அவளுக்கு யாரு இருக்கா?”

லூர்துநாதன் யோசித்தார். மாயாபந்தருக்கு அந்தப் பக்கம் திக்லிபூர். திக்லிபூரில் ஆமை. அப்பன் சரி என்று சொல்வதற்கு முன்பே வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடப் பார்க்கிறாள். லூசியின் போனில் ஜெட்டியில் நிற்கிற புள்ளி வெறும் போன். அதை அறையில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வந்தது. சந்தேகப்படுகிறவனுக்கு எல்லாமே பொருந்தித்தான் வரும்.

வீட்டுக்கு வந்தபோது லூசி மீன் குழம்பை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“மேடம் போன் பண்ணா என்கிட்ட குடு. முடியாதுன்னு சொல்லிருதேன்.”

“ஏன்?”

“உன் மக லாங் ஐலண்ட்லயே இல்ல. மாயாபந்தர் போற பஸ்ல இருக்கா.”

“யாரு சொன்னா?”

லூர்துநாதன் சுவரைப் பார்த்தார். சுவரில் சேசுவின் படம். அங்கிருந்தும் பார்வையை எடுத்துத் தரையைப் பார்த்தார். லூசி கரண்டியைக் கீழே வைத்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் தரையைப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

“என்ன செஞ்சு வச்சீங்க?”

சொன்னார். போன், ஜெரால்ட், டேப், பொட்டலம், புள்ளி, கடல், பஸ் எல்லாவற்றையும் சொன்னார். லூசி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கோபப்படவில்லை. புரியாதவள் போலப் பார்த்தாள்.

“எந்தப் பொட்டலம்?”

“அக்காவுக்குக் குடுத்துவிட்ட நெத்தலி.”

“அது இத்தன நாளும் அவ பையில இருக்கும்னா நெனச்சீங்க?”

“பின்ன?”

“நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க? ரங்கத்துக்கு ஒரு படகு போகுதுன்னா யாராவது ரங்கத் பொட்டலத்தக் கையில வச்சுக்கிட்டு நிப்பாங்களா? நீங்க நிப்பீங்களா? ராபின் பிறந்தப்ப ஹட் பே கப்பல்ல உங்க சித்திக்குக் குடுத்துவிட்ட பலகாரம் எத்தன கை மாறிப் போச்சு?”

லூர்துநாதனுக்குக் காது சூடானது. இந்தத் தீவுகளில் பொட்டலம் ஆளுக்காகக் காத்திருக்காது. முதலில் புறப்படுகிற படகில் ஏறிவிடும். எஞ்சின் சாமானிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அவர் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார். ஜெட்டியில் முன்பின் தெரியாத ஆள் கையில் திணித்துவிட்டு, பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். அது போய்ச் சேராமல் இருந்ததில்லை. மகளைச் சந்தேகப்பட்ட மும்முரத்தில் தன் ஊர் வழக்கமே தனக்கு மறந்து போயிற்று.

“அந்த போன் நம்பர் என்ன?”

லூர்துநாதன் சட்டைப் பையிலிருந்து நம்பர் போட்டிருந்த சிம் உறையை எடுத்துக் கொடுத்தார். லூசி போட்டாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். விடாமல் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் லூசியின் போன் அடித்தது. அன்னம்மாள்.

“லூசி, நீ கருவாட்டோட நண்டு கிண்டு வச்சுக் கட்டுனியா?”

“இல்லியே மதினி.”

“பின்ன ஏன் துடிக்குது? இப்பதான் பொட்டலம் கைக்கு வந்துச்சு. மேசையில வச்சேன். வச்ச எடத்துல இருந்து நகந்து வருது. காஞ்ச மீனு எங்கயாவது துடிக்குமா? இந்த வீட்டுப் பூன கூட கிட்ட வர மாட்டேங்கு. நான் ஜெபமாலைய எடுத்து மேல வச்சிருக்கேன்.”

லூசி போனைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அடுப்பங்கரைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். லூர்துநாதன் போனை வாங்கினார்.

“அக்கா, நீ எங்க இருக்க?”

“மாயாபந்தர்ல. எங்க வீட்டுக்காரர் தங்கச்சி மக பேத்திக்கு ஞானஸ்நானம். உனக்குந்தான் சொல்லி விட்டேன், நீ எங்க காதுல வாங்குத. ரங்கத் வீடு பூட்டிக் கெடக்குன்னு பக்கத்து வீட்டுக்காரி பொட்டலத்த பஸ்ல ஏத்தி விட்டுட்டா.”

“அதுக்கு முந்தி?”

“ஒரு தெலுங்குக்காரன் டோங்கிப் படகுல கொண்டாந்தானாம். வழியில வலைய எடுத்துட்டு வந்ததுல லேட்டாயிருச்சுன்னு மன்னிப்புக் கேட்டு விட்டிருக்கான், பாவம். பிரிஸ்கில்லா காலைல லாலாஜி பே நடந்து போறா, சாயங்காலம் ஜெட்டிக்குத் திரும்புவான்னும் அவன்தான் சொல்லி விட்டான். பக்கத்து வீட்டுக்காரி கண்டக்டர்ட்ட சொன்னா, கண்டக்டர் என்கிட்ட சொன்னான். பிள்ள தனியாப் போகுதே, கவனமாப் போகச் சொல்லுங்கம்மான்னு எனக்கே புத்தி சொல்லிட்டுப் போறான்.”

முகம் தெரியாத வலைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவனுக்கும் தெரிந்திருக்கிறது. மகள் எங்கே நடக்கிறாள், எப்போது திரும்புவாள் என்று அந்தமான் பாதிக்குத் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்து புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பனுக்கு மட்டும் தெரியவில்லை.

“அக்கா, துடிச்சா பயப்படாத. உள்ள ஒரு போன் இருக்கு. அப்புறம் சொல்லுதேன்.”

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஜெரால்ட் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தான். என்ன ஆயிற்று என்று கேட்டவனுக்கு லூசி சிரிப்புக்கு நடுவே கதையைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

“பெரியம்மா அதப் பிரிக்கப் போறாங்களா?”

“பின்ன, போனோட கருவாட்ட வறுப்பாங்களா?” என்றாள் லூசி.

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. தீவுகளில் பொழுது சட்டென்று சாய்ந்துவிடும். மின்னி பே தண்ணீர் செம்பு நிறமாகி, பிறகு அதுவும் போய் மங்கலானது. லூசியின் போனில் பிரிஸ்கில்லாவின் புள்ளி காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. சிரிப்பெல்லாம் அடங்கி மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

போன் அடித்தது. சந்திரமதி மேடம்.

லூசி கணவரைப் பார்த்தாள். அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“வணக்கம் மேடம்.”

“வணக்கம் ஐயா. பிரிஸ்கில்லா திரும்பி வந்துட்டாளா?”

“இன்னும் சேதி வரல.”

அந்தப் பக்கம் மேடத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. “அப்படின்னா நான் நாளைக்குப் பேசட்டுமா? உங்களுக்கும் கவலையா இருக்கும்.”

லூர்துநாதன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். நாளைக்கு என்று சொல்லிவிடலாம். நாளைக்கு என்பது முடியாது என்பதற்குப் பக்கத்து வீடு. ஒரு சத்தமும் வராது, மகளும் குறை சொல்ல முடியாது. அவள் சொன்ன நேரம் என்ன? விளக்கு வைப்பதற்குள். பக்கத்து வீட்டில் இன்னும் விளக்குப் போடவில்லை. தெருக் கம்பத்திலும் இன்னும் எரியவில்லை.

“நாளைக்கு வேண்டாம் மேடம். அவ சொன்ன நேரம் இன்னும் தாண்டல. தாண்டுனா யாருக்குப் போன் போடணும்னும் சொல்லித்தான் போயிருக்கா. அவளச் சேத்துக்கோங்க. அப்பன் சரின்னு சொல்லியாச்சு.”

போனை லூசியிடம் நீட்டினார். லூசி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜெரால்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தெருக் கம்பத்தில் விளக்கு ஒரு தடவை மினுக்கி, எரியலாமா வேண்டாமா என்று யோசித்தது. அப்போது புள்ளி நகர்ந்தது. பின்னாலேயே மகளின் அழைப்பு.

“ம்மா, வந்துட்டேன். சிவஞானம் மாமா கடையில பிரெட் ஆம்லெட் சாப்பிடுதேன். முதலை ஒண்ணும் கடிக்கல, அட்டைதான் கடிச்சிச்சு. அப்பாட்ட குடு.”

லூர்துநாதன் வாங்கினார்.

“அத்தை கூப்பிட்டாங்கப்பா. கருவாடு துடிச்சிச்சாமே.”

“உம்.”

“என் மேல நம்பிக்க இல்லியா?”

“உன் மேல இருக்கு. போன் மேலதான் இல்ல.”

“அப்ப எதுக்கு இன்னொரு போன் வச்சீங்க?”

லூசியும் ஜெரால்டும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார். அது போதாதென்று இன்னொரு தரமும் கனைத்தார்.

“மேடத்துக்கிட்ட சரின்னு சொல்லிட்டேன்,” என்றார் கடைசியில்.

அந்தப் பக்கம் டீக்கடையில் எதுவோ உருண்டு விழுந்த சத்தம். “மாமா, சாரி, கிளாஸ எடுத்துருதேன்,” என்று சிவஞானத்திடம் சொல்வது கேட்டது. திரும்பப் போனுக்கு வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

“ப்பா, ஒண்ணு கேக்கட்டா? எஞ்சின் ஓட்டிப் பாக்கணும்னு நீங்க தனியா டோங்கிய எடுத்துட்டுப் போறீங்களே. எந்தப் பக்கம் போறீங்க, எப்ப வருவீங்கன்னு அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றாள் லூசி பக்கத்திலிருந்து. கேட்கிற தூரத்தில்தான் இருந்தாள்.

“போன் எங்க இருக்கும்?”

“ஆணியில,” என்றாள் அதற்கும் லூசியே.

“நான் கரையில கூடாரத்துல இருக்கும்போது யாரப்பா எனக்குச் சொல்லுவா, நீங்க எங்க இருக்கீங்கன்னு?”

லூர்துநாதன் லூசியிடம் போனைக் கொடுத்தார். உள்ளே போனார். ஆணியிலிருந்து பாலிதீன் பையை எடுத்து, பட்டன் போனை உருவி, தூசி ஊதி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அது பையில் எஞ்சின் நட்டு மாதிரி கனத்தது.

“சார்ஜ் இருக்கான்னு பாருங்க மாமா,” என்றான் ஜெரால்ட்.

“நீ சும்மா இரு.”

லூசி அன்றைக்கு முதல் தடவையாக நிம்மதியாகச் சோறு போட்டாள். ஜெரால்ட் மட்டும் தட்டில் கையை வைத்தபடி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழம்பில் உப்பு அதிகமா என்று லூசி கேட்டாள். இல்லை அத்தை என்றான்.

மறுபடி அன்னம்மாள். லூசி ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏல லூர்து, பொட்டலத்தப் பிரிச்சுட்டேன். போன் நல்லாத்தான் இருக்கு, நாத்தந்தான். ஆனா ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு.”

“என்னக்கா?”

“திறந்த உடனே முகப்புல ஒரு படம் வருது. நம்ம ராபின் நிக்கான். பக்கத்துல ஒரு பிள்ள நிக்கா. நல்ல லட்சணமாத்தான் இருக்கா. ரெண்டு பேரு கழுத்துலயும் மால கெடக்கு. அத்தக்காரி ஒருத்தி உசிரோட இருக்கும்போது எனக்குச் சொல்லாம எப்பல இத முடிச்சீங்க?”

லூசியின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது.

லூர்துநாதன் மெதுவாகத் திரும்பி ஜெரால்டைப் பார்த்தார். ஜெரால்டின் தட்டு இருந்தது, ஜெரால்ட் இல்லை. வாசலில் ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம் கேட்டது. அது முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவது உதையில் கிளம்பிப் பறந்தது.

“ராபினுக்குப் போடுங்க,” என்றாள் லூசி.

லூர்துநாதன் சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்தார். சென்னையில் தெருவுக்குத் தெரு டவர் என்று ராபின்தான் பெருமையாகச் சொல்வான். ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் காதில் வைத்தார். ஒரு பெண் குரல் வந்தது.

நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது அந்தக் குரல்.